வருகிற டாலரும் போகிற ரூபாயும்

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரியாணிக் கடைக்குச் சமமாகக் கூட்டம் நிற்கிற இடம் ஒன்று உண்டு. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து காதர்பேட்டைப் பக்கம் நடந்தாலும் சரி, அனுப்பர்பாளையத்துச் சந்துகளில் நுழைந்தாலும் சரி, கண்ணில் படும். எட்டுக்குப் பத்தில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை. பலகையில் தமிழும் இந்தியும். கவுண்டருக்கு வெளியே பதினைந்து இருபது பேர். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிய கையோடு வந்தவர்கள். பலருடைய சட்டையில் பஞ்சுத் தூசி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"கித்னா?" என்று கேட்பார் கடைக்காரர், கொங்குத் தமிழின் இழுப்பு மாறாத இந்தியில். "பாரா ஹஜார், அண்ணா." பன்னிரண்டாயிரம். ஒரே தட்டில் அனுப்ப முடியாது. ரொக்கமாகக் கொடுத்து அனுப்பும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு ஒரு தடவைக்கு 5,000 ரூபாய், மாதத்துக்கு 25,000. ஆகவே ஐயாயிரம், ஐயாயிரம், இரண்டாயிரம் என்று மூன்று தட்டு. வழக்கமான கமிஷன் நூற்றுக்கு ஒரு ரூபாய். கடைக்காரருக்கு 120 ரூபாய். அனுப்பியவர் நகர மாட்டார். திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, ஊருக்கு போன் அடித்து, "வந்துருச்சா?" என்று கேட்டு, அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்த பிறகுதான் அடுத்தவருக்கு வழி விடுவார். மறுநாள் பீகாரில் அவர் மனைவியோ அம்மாவோ ஊர் மளிகைக் கடை ஓரத்து வங்கி முகவரிடம் போய், ஆதார் மிஷினில் கட்டைவிரலை வைத்துப் பணத்தை எடுப்பார். விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு இரண்டு மூன்று முறை வைக்க வேண்டியிருக்கும்.

அதே ஞாயிற்றுக்கிழமை, நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும் கடிகாரத்தில், சிங்கப்பூர் தேக்காவில் இன்னொரு வரிசை. கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் ஆறு நாள் உழைத்த வேலை பெர்மிட்காரர்கள். அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, சிவகங்கை, மன்னார்குடி. "இன்னைக்கு ரேட் என்ன மாப்ள?" என்பதுதான் அங்கே வணக்கத்துக்குப் பதில். இந்தக் கடையில் ஐம்பது பைசா கூடுதல், அந்தக் கடையில் கமிஷன் குறைவு என்று பேச்சு ஓடும்.

இந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் இருக்கிறது தமிழ்நாடு. ஒரு வாசல் வழியாக டாலர் வருகிறது, இன்னொரு வாசல் வழியாக ரூபாய் போகிறது. வருவதற்குக் கணக்கு இருக்கிறது, பெருமை இருக்கிறது, வெளிநாடு வாழ் தமிழர்களுக்கென ஒரு நல வாரியமும் இருக்கிறது. போவதைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் மாறிவிடுகிறது.

அமீரகத்தை முந்திய அமெரிக்கா

வருவதை முதலில் பார்த்துவிடலாம். 2024-25 நிதியாண்டில் வெளிநாட்டு இந்தியர்கள் தாய்நாட்டுக்கு அனுப்பிய பணம் 13,546 கோடி டாலர். ரூபாயில் 11 லட்சம் கோடிக்கு மேல். உலகில் எந்த நாட்டுக்கும் இவ்வளவு வருவதில்லை. 2022-இல் ஓர் ஆண்டில் 10,000 கோடி டாலரைத் தாண்டிய முதல் நாடு இந்தியாதான். இரண்டாம் இடத்திலுள்ள மெக்சிகோ வெகுதூரம் பின்னால் நிற்கிறது. 1990-91-இல் நமக்கு வந்தது வெறும் 210 கோடி டாலர் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வளர்ச்சியின் அளவு புரியும். சரக்கு ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் நடுவே விழும் பள்ளத்தில் ஏறக்குறையப் பாதியை இந்தப் பணம்தான் நிரப்புகிறது.

தொகை வளர்ந்தது பழைய செய்தி. அனுப்புகிறவர் மாறியதுதான் புதுச் செய்தி. ரிசர்வ் வங்கி வங்கிகளிடம் கேட்டு நடத்தும் ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2016-17-இல் முதலிடம் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு, 26.9 சதவீதம். 2020-21-இல் அமெரிக்கா அந்த இடத்தைப் பிடித்தது. 2023-24-இல் அமெரிக்காவிலிருந்து 27.7 சதவீதம், அமீரகத்திலிருந்து 19.2, பிரிட்டனிலிருந்து 10.8, சவுதியிலிருந்து 6.7, சிங்கப்பூரிலிருந்து 6.6. வளைகுடாவின் ஆறு நாடுகளையும் சேர்த்தாலும் 38 சதவீதம்தான். 2016-17-இல் கிட்டத்தட்டப் பாதி அங்கிருந்து வந்தது.

வளைகுடா தேய்ந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. 2014-இல் எண்ணெய் விலை சரிந்தது. அதற்கு முன்பே, 2011-இல், உள்நாட்டு ஆட்களை இத்தனை சதவீதம் வேலைக்கு வைத்தே ஆக வேண்டும் என்று சவுதி 'நிதாகத்' கொண்டுவந்தது. 2017-இல் குடும்பத்தோடு தங்கியிருப்பவர்களுக்கு, தலைக்கு இவ்வளவு ரியால் என மாதக் கட்டணம் போட்டது. மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே தங்கியவர்கள் ஏராளம். அடுத்து கொரோனா. மறுபக்கம், அமெரிக்காவில் கணினி எஞ்சினியரும் பிரிட்டனில் நர்சும் பெருகினார்கள். துபாயில் சென்ட்ரிங் வேலை செய்பவர் மாதம் இருபதாயிரம், முப்பதாயிரம் அனுப்புவார். டெக்சாஸில் இருப்பவர் வேளச்சேரியில் வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட ஒரே தடவையில் பத்து லட்சம் அனுப்புவார். வரும் மொத்தப் பணத்தில், 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைகளாக வருவது மட்டும் மதிப்பில் கால்பங்குக்கு மேல் என்கிறது அதே ஆய்வு.

அதனால்தான் இந்தப் புள்ளிவிவரத்தை ஏழை வீட்டு அடுப்போடு முடிச்சுப் போட்டுப் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. தொகை ஏறியிருக்கிறது, சரி. ஏறிய பகுதியில் ஒரு நல்ல பங்கு அண்ணாநகர் ஃபிளாட்டுக்கும் வைப்புநிதிக்கும் போகிற பணம். கீழக்கரையிலும் கடையநல்லூரிலும் மாதச் செலவை ஓட்டுகிற பணம் அதே வேகத்தில் ஏறவில்லை.

மாநிலக் கணக்கில் தமிழ்நாட்டின் பங்கு 2016-17-இல் 8 சதவீதம், 2023-24-இல் 10.4. மகாராஷ்டிரம் 20.5, கேரளம் 19.7. இந்த மாநிலப் பிரிப்பைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் விழுங்க வேண்டும். 2020-21 ஆய்வில் கேரளத்தின் பங்கு 10.2 சதவீதமாகச் சுருங்கியது. அடுத்த ஆய்வில் ஏறக்குறைய இரட்டிப்பானது. மலையாளிகள் இடையில் வேலையை விட்டுவிட்டு மறுபடி சேர்ந்துவிடவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்ட கேரள இடம்பெயர்வு ஆய்வு 2018-இல் 85,092 கோடி ரூபாய் என்றும், 2023-இல் 2,16,893 கோடி என்றும் சொல்கிறது. வங்கிக் கவுண்டரில் நின்று பார்ப்பது வேறு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பது வேறு.

தமிழ்நாட்டில் அப்படித் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட ஆய்வு 2015-இல் நடந்தது. இடம்பெயர்வு ஆய்வாளர் இருதயராஜனும் அவர் குழுவினரும் செய்தது. வெளிநாட்டில் 22 லட்சம் தமிழ்நாட்டவர், அவர்கள் அனுப்பியது ஆண்டுக்கு 61,843 கோடி ரூபாய் என்றது அது. போன நாடுகளில் முதலிடம் துபாய்க்கோ அமெரிக்காவுக்கோ அல்ல, சிங்கப்பூருக்கு. கேரளத்துக்காரர் அரபிக்கடலைப் பார்த்தார். நாம் வங்காள விரிகுடாவைப் பார்த்தோம். அது இன்று நேற்றுப் பழக்கமல்ல. நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பல் ஏறிய தலைமுறை அது. பினாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வந்த பணம் தபால்காரர் கையில் மணியார்டராகவும், செட்டியார் கடை உண்டியலாகவும் ஊர் சேர்ந்தது.

வெளிநாட்டுப் பணம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. சுமார் 1,70,000 இந்தியர்களை விமானம் விமானமாக ஏற்றிக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் விலை எகிறியது. வளைகுடாவிலிருந்து வந்த பணம் வற்றியது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கே போட்டிருந்த டெபாசிட்டை உருவத் தொடங்கினார்கள். காரணம் அது மட்டுமல்ல என்றாலும், 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைக்க நேர்ந்த கதையில் இந்த அத்தியாயமும் சேர்த்தி.

ரேட் சொல்லும் உண்மை

தேக்காவில் "ரேட் என்ன" என்று கேட்கிறவரை அற்பமாக நினைத்த ஓர் அரசாங்கம் பட்ட பாடு பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கை மத்திய வங்கி 2021 செப்டம்பரிலிருந்து ஒரு டாலருக்குச் சுமார் 203 ரூபாய் என்று கட்டிப்பிடித்து வைத்திருந்தது. வங்கிக்கு வெளியே பணத்தைக் கைமாற்றிவிடும் உண்டியல்காரர் 240-க்கும் மேலே கொடுத்தார். கட்டாரில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குப் பொருளாதாரப் பாடம் யாரும் எடுக்க வேண்டியதில்லை. நூறு டாலருக்கு நாலாயிரம் ரூபாய் வித்தியாசம் என்றால் அது மட்டக்களப்பில் பிள்ளையின் டியூஷன் காசு. வங்கி வழியாக வந்தது 2020-இல் 710 கோடி டாலர். 2021-இல் 549 கோடி. 2022-இல் 379 கோடி. அதே 2022-இல் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி நாட்டைவிட்டு வெளியேறினார்கள். போனவர்கள் கூடினார்கள், வந்த பணம் குறைந்தது! மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் டாலர் இல்லாமல் கொழும்பு தவித்தபோது, அந்த டாலர் துபாயிலும் தோஹாவிலும் உண்டியல்காரர் பெட்டியில் இருந்தது. 2022 மார்ச்சில் ரேட்டை அவிழ்த்துவிட்ட பிறகு, 2023-இல் 597 கோடியாகவும் 2024-இல் 657 கோடியாகவும் மீண்டது. தேசபக்தி வேண்டுகோள்கள் செய்யாததை ரேட் செய்தது.

இந்தியாவில் உண்டியலின் பிடி தளர்ந்ததற்கும் காரணம் போலீஸ் அல்ல. சென்னை பர்மா பஜாருக்குச் சரக்கும் பணமும் சுமந்த குருவிகள் காலத்தில், பத்து ரூபாய் நோட்டின் நம்பரை அடையாளமாகச் சொல்லி வீட்டு வாசலில் பணம் வாங்கியதற்குக் காரணம் மூன்று: ரேட் நல்லது, வங்கி தூரம், வங்கியில் மரியாதை கிடையாது. இன்று செல்போனில் இரண்டு நிமிடம். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் 'பேநவ்' பணப் பரிமாற்றச் சேவையும் நம்முடைய யுபிஐயும் கைகோத்தன. போன் நம்பர் இருந்தால் போதும், பணம் போய்விடும். ரூபாய் விழ விழ அனுப்புகிறவருக்குக் கொண்டாட்டம் வேறு. 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியபோது டெல்லி கவலைப்பட்டது. வெளிநாட்டில் இருப்பவர்கள் சேர்த்து வைத்திருந்ததை அனுப்பினார்கள்.

புது இடைஞ்சல் அமெரிக்காவிலிருந்து. வெளிநாட்டுக்குப் போகும் பணத்துக்கு ஐந்து சதவீதம் வரி என்று 2025 மே மாதம் பேச்சு கிளம்பியது, 3.5 ஆக இறங்கியது. ஜூலையில் சட்டமானபோது ஒரு சதவீதமாக நின்றது. 2026 ஜனவரி முதல் அமல். அதுவும் ரொக்கமாகவோ மணியார்டராகவோ கொடுத்து அனுப்பினால் மட்டும்தான். வங்கிக் கணக்கிலிருந்தோ கார்டிலிருந்தோ அனுப்பினால் வரி இல்லை. ஆக, எச்1பி விசாவில் போன எஞ்சினியருக்கு ஒன்றுமில்லை. வங்கிக் கணக்கே இல்லாமல் ரொக்கக் கூலி வாங்கும் குவாத்தமாலாக்காரர் தலையில் விழுகிறது. இப்படிப்பட்ட வரிகளில் கடைசியில் மாட்டுவது எப்போதும் ரொக்கம் வைத்திருப்பவர்தான்.

இன்னொரு பணமும் உண்டு, எந்த ஆய்விலும் தனி வரியாக வராதது: போவதற்கு முன்பே கட்டுகிற ஏஜெண்ட் காசு. நகையை வைத்தும் நிலத்தை எழுதிக் கொடுத்தும் லட்சங்களில் கட்டிவிட்டுத்தான் பலர் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் விமானம் ஏறுகிறார்கள். முதல் வருடம் அனுப்புவது குடும்பத்துக்கு அல்ல, வட்டிக்கு. ரிசர்வ் வங்கிக் கணக்கில் அதுவும் குடும்பப் பராமரிப்பு.

திரும்பிப் பாயும் டாலர்

அனுப்புகிற நாடாக இந்தியாவும் மாறிவருவதை நாம் அதிகம் பேசுவதில்லை. 2004-இல் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் வந்தபோது ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வெளியே அனுப்பலாம் என்றிருந்தது. இப்போது இரண்டரை லட்சம் டாலர். இந்தக் கதவு வழியாக 2023-24-இல் சுமார் 3,170 கோடி டாலர் போனது. 2024-25-இல் 2,956 கோடி. பாதிக்கு மேல் சுற்றுலா. 290 கோடி டாலருக்கு மேல் படிப்புச் செலவு.

அப்பா ஷார்ஜாவில் லாரி ஓட்டி அனுப்பிய பணத்தில் படித்த பிள்ளை, இப்போது கனடாவிலோ அயர்லாந்திலோ மேற்படிப்புக்குக் கல்விக் கடன் வாங்கி அங்கே கட்டுகிறான். 2023-இல் வெளிநாட்டில் இருந்த கேரளத்தவரில் நூற்றுக்குப் பதினொரு பேர் மாணவர்கள். இரண்டரை லட்சம் பேர். ஐந்தாண்டுகளுக்கு முன்பு அதில் பாதிதான். வேலைக்குப் போனவர் முதல் மாதச் சம்பளத்திலிருந்து அனுப்புவார். படிக்கப் போனவருக்கு இங்கிருந்து அனுப்ப வேண்டும். அவன் திருப்பி அனுப்புவானா, அங்கேயே வீடு வாங்குவானா என்பது பத்து வருடம் கழித்துத் தெரியும்.

எல்லை தாண்டிக் கூலி வேலைக்கு வந்தவர் அனுப்புவதும் உண்டு. நம் தெருக்களில் இரவில் விசில் ஊதி நடக்கும் கூர்க்காவின் பணம் நேபாளத்துக்குப் போகிறது. அதற்கென்றே 2008-இல் ரிசர்வ் வங்கி தனி ஏற்பாடு செய்தது. 50,000 ரூபாயாக இருந்த உச்சவரம்பு 2021-இல் இரண்டு லட்சமானது. ஆனாலும் பலர் தசராவுக்கு ஊர் போகும்போது இடுப்பில் கட்டிக்கொண்டு போவதையே நம்புகிறார்கள்.

எண்ணப்படாத வரிசை

இனி திருப்பூர்.

ரூபாய் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போவது அன்னியச் செலாவணி அல்ல. ஆகவே ரிசர்வ் வங்கியின் வாராந்தரக் கவலைகளில் அதற்கு இடமில்லை. 2007-08-இல் தேசிய மாதிரி ஆய்வு இதைப் பற்றி வீடுகளில் கேட்டது. அதை வைத்து, இடம்பெயர்வு ஆய்வாளர் சின்மய் தும்பே போட்ட மதிப்பீடு: நாட்டுக்குள்ளேயே ஆண்டுக்கு சுமார் 1,000 கோடி டாலர் நகர்கிறது; அதில் அறுபது சதவீதம் மாநிலம் விட்டு மாநிலம்; எண்பது சதவீதம் கிராமத்து வீடுகளுக்கு. அது கிட்டத்தட்ட இருபது வருடத்துக்கு முந்திய கணக்கு. முன்பதிவில்லாப் பெட்டி டிக்கெட்டுகளை வைத்து 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை கணக்கிட்டபோது, ஆண்டுக்கு 90 லட்சம் பேர் வேலைக்காக மாநிலம் தாண்டுகிறார்கள் என்று தெரிந்தது. ஆளை எண்ண ரயில் டிக்கெட் இருக்கிறது. பணத்தை எண்ண அந்த எட்டுக்குப் பத்துக் கடையின் ரோல் பேப்பர்தான் இருக்கிறது.

இளைஞர்கள் கடைக்கு வருவதில்லை, போனிலேயே தட்டிவிடுகிறார்கள். வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் ரொக்கச் சம்பளக்காரர்கள், உள்ளூரில் வங்கிக் கணக்கு இல்லாதவர்கள், ஸ்மார்ட்போனில் பாஸ்வேர்டுக்குப் பயப்படுகிறவர்கள். 2024 நவம்பரிலிருந்து ரொக்கம் அனுப்புகிறவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் விதி கடுமையாகிவிட்டது. மோசடியைத் தடுக்க அது வேண்டியதுதான். ஆனால் ஆதாரில் பழைய போன் நம்பர் இருக்கிறவர், தெரிந்த ஆள் ஒருவர் கணக்கில் போட்டு அனுப்பச் சொல்கிறார். அதற்கும் ஒரு கமிஷன்.

"நம்ம பணமெல்லாம் வடக்கே போகுது" என்ற பேச்சை டீக்கடையிலும் கேட்கிறோம், மேடையிலும் கேட்கிறோம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளிகள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அதிகாரிகள் குழு ஒன்று நேரில் வந்து பார்க்கும் அளவுக்குப் போனபோது, தமிழ்நாடு அரசு உடனே இறங்கி வதந்தியை அடக்கியது. அந்தச் சமயத்தில் தொழிலாளிகள் ரயிலேறிவிடுவார்களோ என்று அதிகம் பதறியவர்கள் கம்பெனி முதலாளிகள்தான். அவர்களுக்கு 2020 நினைவிருந்தது: ஊரடங்கில் போனவர்களைத் திரும்ப அழைத்துவரப் பேருந்து வைத்து, விமான டிக்கெட்கூடப் போட்டுக் கொடுத்தார்கள்.

போகிறது நம்ம பணமா? ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரில், ஓவர்லாக் மிஷினில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தவருக்குக் கிடைத்த கூலி அது. அதில் அறை வாடகை, அரிசி, காய், ரீசார்ஜ் எல்லாம் இங்கேயே செலவாகி, மிச்சம்தான் போகிறது. சவுதி குடும்பக் கட்டணம் போட்டபோதும், அமெரிக்கா வரி போட்டபோதும் அங்குள்ளவர்கள் சொன்னது இதே வாக்கியம்தான். நம் ஆள் அனுப்பும்போது அது உழைப்பின் வியர்வை. நம்மூரிலிருந்து போகும்போது ஒழுகல். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

உருப்படியாகச் செய்யக்கூடியது ஒன்று ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2020 அக்டோபரிலேயே தமிழ்நாடு 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் சேர்ந்துவிட்டது. பீகார் கார்டுக்கு இங்கே அரிசி வாங்கலாம். கடைக்குப் போய்க் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு. கேட்டால் சிரித்த முகத்தோடு கொடுக்கிறவர்களும் குறைவு. அரிசிக்காக இங்கே செலவழிக்கும் காசு மிச்சமானால், அதுவும் வீட்டுக்குத்தான் போகும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது பணம் போவதைப் பற்றி அல்ல, ஒருநாள் போகாமல் நின்றுவிடுவதைப் பற்றி. 2020 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை, பீகாரில் 3. நம் வீட்டுப் பிள்ளை தையல் மிஷினில் உட்கார மாட்டான். அவன் சிங்கப்பூர் பெர்மிட்டுக்கோ சென்னை ஐடி கம்பெனிக்கோ விண்ணப்பம் போட்டிருக்கிறான். தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் பீகாரைப்போல நான்கு மடங்குக்கும் மேல் இருப்பதால்தான் அந்த ரயில்கள் நிரம்பி வருகின்றன. ஆனால் பீகார் 2022-இல் ஜவுளி, தோல் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை போட்டு, ஆலை தொடங்குகிறவருக்குத் தொழிலாளியின் ஊதியத்திலேயே மானியம் தர முன்வந்தது. ஒடிசாவும் ஜார்க்கண்டும் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. முசாபர்பூரிலேயே மாதம் பதினைந்தாயிரம் கிடைத்தால், இரண்டு நாள் ரயில் பயணமும், எட்டுப் பேர் படுக்கும் அறையும், நூற்றுக்கு ஒரு ரூபாய் கமிஷனும் எதற்கு என்று அவர் கேட்பார். அன்றைக்குத் திருப்பூர் முதலாளி அவருக்கு என்ன ரேட் சொல்லப் போகிறார்?